கரடி விடாமல் சில பதில்கள்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், அருவி விளிம்பில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் கிரிஸ்லி கரடியின் (வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி) படம் வந்திருந்தது. பாய்ந்து வரும் மீனுக்கும் அதன் பல்லுக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும். "என்ன, கரடி விடுகிறீர்களா?" என்று தொடங்கிய கடிதங்கள் பெரும்பாலும் வடசென்னையிலிருந்து வந்தவை. காசிமேடு இருக்கிற பக்கம் மீன் படத்தைச் சும்மா விடுமா? கிரிஸ்லியின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

படத்தில் மீன் தானாக வந்து வாயில் விழுகிறது. நாங்கள் டீசல், ஐஸ், வலை என்று செலவு பண்ணிக் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிற நாளும் உண்டு. கரடிக்கு மட்டும் அவ்வளவு சுலபமா?
— விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

படம் நிஜம். சுலபம் என்பதுதான் பொய்.

அந்த இடம் அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் இருக்கும் புரூக்ஸ் அருவி. உயரம் ஏறக்குறைய 6 அடிதான். கடலில் வளர்ந்த சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காகத் தாங்கள் பிறந்த நீருக்கே திரும்பும்போது இந்த அருவியைத் தாண்டியாக வேண்டும். சென்ட்ரலுக்கு வருகிற ரயிலெல்லாம் பேசின் பிரிட்ஜில் வந்து நிற்குமே, அப்படி ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க மீன் அருவிக்குக் கீழே குவிந்து நிற்கும். கரடி அங்கே வருவதற்குக் காரணம் அருவி அல்ல, அந்த நெரிசல்.

விளிம்பில் நின்று பிடிப்பது பல முறைகளில் ஒன்றுதான். கரடி நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நிற்கும். தலையை ஆட்டாது, தாவாது. மீன் முகத்துக்கு நேரே எழும்பினால் மட்டும் கவ்வும். அதைத் தாண்டிப் போகிற மீன்கள் எத்தனையோ. நல்ல இடம் சிலவே என்பதால் பெரிய ஆண் கரடிகள் அவற்றை விட்டுக்கொடுப்பதில்லை. அருவிக்குக் கீழே நுரை பொங்கும் பள்ளத்தில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்துகொள்வது இன்னொரு முறை. நுரையில் கண் தெரியாது. மீன் உடம்பில் வந்து இடிப்பதை உணர்ந்து, முன்காலால் அடித்தரையோடு அமுக்கி, பிறகு வாயால் எடுக்கும். முகத்தை மட்டும் நீருக்குள் விட்டுத் தேடும் கரடிகளும் உண்டு. ஆழமில்லாத இடத்தில் ஓடிப்போய்ப் பாய்வது இளங்கரடிகளின் வழக்கம். பார்க்க அதுதான் வீரமாக இருக்கும், ஆனால் ஓடிச் செலவழித்த தெம்பு அளவுக்கு மீன் கிடைக்காது. கடைசியாக ஒரு முறை: பிடித்தவனிடமிருந்து பிடுங்குவது. இதற்கு உடம்பு பெரிதாக இருந்தால் போதும், தொழில் தெரிய வேண்டியதில்லை.

இதெல்லாம் பிறவியிலேயே வருவதல்ல. குட்டிகள் இரண்டு மூன்று ஆண்டுகள் தாயோடு திரிந்து, பார்த்துப் பார்த்துக் கற்கின்றன. தாய் ஆற்றோரம் பிடிக்கிறவளாக இருந்தால் குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான்.

சாப்பிடுகிற விதத்தைத்தான் மீன் தெரிந்த நீங்கள் ரசிப்பீர்கள். மீன் வரத்து குறைவாக இருக்கும்போது தலை முதல் வால் வரை ஒன்றும் மிஞ்சாது. வரத்து பெருகிவிட்டால் தோலை உரித்துத் தின்னும், தலையைக் கடித்து மூளையை எடுக்கும், வயிற்றை அமுக்கிச் சினையைத் தின்னும். சதையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்குகிற நடுத்துண்டு அதற்குக் கழிவு! இது திமிர் அல்ல. கொழுப்பு மிகுதியாக இருப்பது தோலிலும் மூளையிலும் சினையிலும்தான். வயிற்றில் இருக்கிற இடம் ஒரே அளவு என்னும்போது, கொழுப்புக் குறைந்த சதையால் அதை நிரப்புவது நஷ்டம். ஒரு சாக்கை சால்மனில் சுமார் 4,500 கலோரி இருக்கும். கைதேர்ந்த பெரிய ஆண் கரடி ஒரு நாளில் 30 மீனுக்கு மேல் பிடித்துவிடும்.

போட்ட மிச்சத்துக்குக் கடற்காகங்களும், இடம் கிடைக்காத இளங்கரடிகளும் காத்திருக்கும். காட்டுக்குள் இழுத்துப்போய்த் தின்ற மீனின் மிச்சம் மக்கி, அதிலுள்ள நைட்ரஜன் ஆற்றோர மரங்களுக்கு உரமாகிறது.

ஆகஸ்டில் மீன் மேலே போய்ச் சிதறிவிடும், அருவியும் வெறிச்சோடிவிடும். செப்டம்பரில் முட்டையிட்டுத் தளர்ந்த மீன்கள் ஆற்றில் மிதந்து வரும். அவற்றில் கொழுப்புக் குறைவு. ஆனால் பிடிக்கும் சிரமமே இல்லாததால் கணக்கு சரியாகிவிடுகிறது.

பாடப்புத்தகத்தில் கரடியை ஊனுண்ணிகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவன் "அது புல்லும் தின்னும் மிஸ்" என்கிறான். யார் சொல்வது சரி?
— தனிப்பயிற்சி ஆசிரியை, தண்டையார்பேட்டை

இரண்டுமே சரி. மாணவனுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடலாம்.

வம்சத்தில் கரடி ஊனுண்ணி. குடலும் அப்படித்தான்: நீளம் குறைவு, மாட்டுக்கு இருப்பதுபோல அசைபோடும் இரைப்பை இல்லை. ஆனால் கடைவாய்ப் பற்கள் தட்டையாக, அரைப்பதற்கேற்ப அகன்றிருக்கும். ஊனுண்ணியின் வயிறு, அம்மிக்கல் மாதிரிப் பல். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது என்பதை மாதவாரியாகப் பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவை எடுத்துக்கொள்வோம்.

குளிர்கால உறக்கம் முடிந்து மார்ச்சில் முதலில் குகையை விட்டு வருவது ஆண் கரடிகள். குட்டி போட்ட தாய்கள் ஏப்ரல் கடைசி, மே என்று தாமதமாக வரும். பனியில் செத்துக்கிடக்கும் எல்க் மான், பைசன் எருமை ஆகியவற்றின் உடல்கள்தான் முதல் சாப்பாடு. ஓநாய்கள் அடித்த இரையையும் மிரட்டிப் பறிக்கும். அங்கே 1995 முதல் ஓநாய்களை மறுபடி கொண்டுவந்து விட்டதில் கரடிக்கும் ஒரு பங்கு லாபம் என்று சொல்லலாம்.

பனி உருகியதும் புல், கோரை, குளோவர், டேன்டெலியன். இங்கேதான் உங்கள் மாணவன் ஜெயிக்கிறான். ஆனால் எந்தப் புல்லையும் தின்னாது. முருங்கைக்கீரையில் நாம் முற்றலைத் தள்ளிக் கொழுந்தை ஆய்கிற மாதிரி, அப்போதுதான் முளைத்த தளிராகப் பார்த்து மேயும். தளிரில் புரதம் மிகுதி, நார் குறைவு. முற்றிய புல்லைச் செரிக்க அதன் குடலால் முடியாது. பனிக்கோடு மலையில் மேலே ஏற ஏற, புதுத் தளிரைத் தேடிக் கரடியும் மேலே ஏறும்.

மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை எல்க் கன்றுகள். பிறந்த கன்று ஓடாது, புதரடியில் அசையாமல் படுத்துவிடும். கரடி புதர்க்காட்டை உழுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து அதைக் கண்டுபிடிக்கும். சில வாரங்கள் போனால் கன்று ஓடிவிடும். பிறகு துரத்துவது வீண்வேலை என்று கரடியே விட்டுவிடும்.

இடையிடையே தோண்டல். கிரிஸ்லியின் தோளில் தெரியும் திமில் கொழுப்பு அல்ல, தசை. முன்கால் நகம் 5 முதல் 10 சென்டிமீட்டர். திமிலும் நகமும் கிழங்கு, குமிழ்த்தண்டு, தரை அணில் ஆகியவற்றைத் தோண்டி எடுக்கத்தான். அணில் வளையில் பின்வாசல் இருந்தால் அரைமணி நேர உழைப்பு மண்ணாகும். கல்லைப் புரட்டி, மக்கிய மரத்தைப் பிளந்து எறும்பும் தின்னும்.

ஜூலை கடைசியிலிருந்து பழம். ஹக்கிள்பெரி, பஃபலோபெரி இரண்டும் முக்கியம். பஃபலோபெரியை நீரில் கசக்கினால் நம் பூந்திக்கொட்டைபோல நுரைக்கும். நமக்குக் கசக்கும், கரடிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கிளையை வாயில் கொடுத்து இழுத்து, உதட்டால் பழத்தை உருவிவிடும். கனடாவின் மலைக்காடுகளில் ஒரு கரடி நாளுக்கு 2 லட்சம் பழம் வரை தின்னக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பழத்தில் ஒரு சிக்கல் உண்டு. பட்டாணி அளவுப் பழத்தை எவ்வளவு வேகமாகத் தின்றாலும் ஒரு நாளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிறிய பெண் கரடிக்கு அது போதும், பெரிய ஆணுக்குப் பற்றாது. மலைப்பகுதி ஆண் கிரிஸ்லிகள் பெரும்பாலும் 180 முதல் 320 கிலோவோடு நின்றுவிடுவதும், சால்மன் கிடைக்கிற கரையோரத்தில் 400, 500 கிலோ என்று பெருப்பதும் இதனால்தான்.

மீன் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. கூண்டில் வளரும் பழுப்புக் கரடிகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்து விருப்பம்போலத் தின்னவிட்டபோது, தங்கள் ஆற்றலில் சுமார் 17 விழுக்காடு புரதத்திலிருந்து வரும்படி அவை தாமாகவே கலந்து தின்றன. அலாஸ்காவின் கோடியாக் தீவில் 2014-இல் வெயில் கூடி எல்டர்பெரி முன்கூட்டியே பழுத்துவிட்டது. சால்மன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரடிகள் ஆற்றை விட்டுப் பழத்துக்குப் போய்விட்டன. (கோடியாக் கரடி கிரிஸ்லியின் நெருங்கிய பங்காளி, தனிக் கிளையினம்.)

கரடி பைன் கொட்டை தின்னும் என்று படித்தேன். எங்கள் தெரு உலர்பழக் கடைகளில் சில்கோசா என்று விற்பதும் பைன் கொட்டைதான், விலை கேட்டாலே தலைசுற்றும். கரடி மரமேறிப் பறிக்குமா?
— சௌகார்பேட்டை வாசகர்

சில்கோசா இமயமலைப் பக்கத்துப் பைன். கிரிஸ்லி தின்பது வெள்ளைப்பட்டைப் பைன் என்கிற உறவுமரம். பறிப்பதில்லை, திருடுகிறது.

வளர்ந்த கிரிஸ்லி மரமேறுவது அரிது. நீண்டு நிமிர்ந்த நகம் தோண்டத்தான் உதவும், பட்டையைச் சரியாகப் பற்றாது. மேலும் அந்த மரத்தின் கூம்பு தானாகத் திறந்து விதையை உதிர்ப்பதும் இல்லை. செவ்வணில்கள் கூம்புகளை வெட்டிக் கீழே தள்ளி, குளிர்காலத்துக்காகச் செதில்குப்பைக்கு அடியில் குவித்துப் புதைக்கும். கரடி அந்தக் கிடங்கை மோப்பம் பிடித்துத் தோண்டும். கூம்பைக் காலால் மிதித்தோ வாயில் கடித்தோ நொறுக்கி, செதிலைப் பரப்பிவிட்டு, விதையை மட்டும் நாக்கால் ஒற்றி எடுக்கும். அந்த முரட்டு உடம்பிலிருந்து அப்படி ஒரு நுணுக்கமான வேலை! விதையில் பாதி கொழுப்பு. அணிலுக்கு ஆண்டு முழுக்க உழைத்த சேமிப்பு ஒரே இரவில் போனதுதான் மிச்சம்.

கூம்பு நன்றாகக் காய்த்த ஆண்டில் கரடிகள் உயரமான மலைச்சரிவிலேயே தங்கிவிடும். காய்ப்புப் பொய்த்த ஆண்டில் கீழே இறங்கும். கீழே சாலை, பண்ணை, வேட்டைக்காரர்கள், குப்பைத்தொட்டி. மோதலும் சாவும் அந்த ஆண்டுகளில் கூடும். வெளிநாட்டிலிருந்து வந்த கொப்புளத்துரு என்ற பூஞ்சை நோயும், பட்டையைத் துளைக்கும் வண்டும் சேர்ந்து இந்த மரத்தை ஏராளமாக அழித்துவிட்டன. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

பூச்சி தின்று 250 கிலோ உடம்பு வளருமா? போன இதழில் அப்படி ஒரு வரி இருந்தது. அச்சுப்பிழையா?
— வியாசர்பாடி வாசகர்

பிழை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சமவெளி வயல்களில் கோதுமையையும் குதிரைமசாலையும் தின்று வளரும் வெட்டுப்புழு, அந்துப்பூச்சியாக மாறியதும் கோடைவெயிலுக்குத் தப்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து ராக்கி மலைக்கு வரும். இரவெல்லாம் மலைப்பூக்களில் தேன் குடிக்கும். பகலில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள பாறைச்சரிவுகளில் கல்லிடுக்கில் கும்பலாக ஒடுங்கும். குடித்த தேனெல்லாம் கொழுப்பாகி, கோடை முடிவில் உடல் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பாகவே ஆகிவிடும்.

ஒரு பூச்சிக்கு அரைக் கலோரி. கரடி காலையிலிருந்து கல்லைப் புரட்டிப் புரட்டி நக்கினால் ஒரு நாளில் 40,000 பூச்சி வரை போகும். பெருக்கினால் 20,000 கலோரி. மனிதனுக்கு எட்டு ஒன்பது நாளுக்கான சாப்பாடு அது. மான் கன்றுபோல ஓடாது, அணில்போல வளை மாறாது, பனிபடிந்த சரிவில் குளிர்ச்சியாக உட்கார்ந்து தின்னலாம்.

அங்கே நடக்கிற தவறு மனிதர்களுடையது. மலையேறுபவர் ஒருவர் எட்டிப் பார்த்தாலே பல கரடிகள் சரிவை விட்டு ஓடிவிடும். ஓடுவதில் கலோரி கரையும், தின்கிற நேரமும் போகும். பூச்சி கிடைப்பதோ ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான்.

கரடி என்றால் தேன்தானே? தேனைப் பற்றி ஒன்றுமே இல்லையே!
— ஆறாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

நீ நினைப்பது நம் ஊர்க் கரடியை, கண்ணே. தேனீ அமெரிக்காவுக்கு ஐரோப்பியர்கள் கொண்டுபோனது, அதனால் காட்டு கிரிஸ்லியின் சாப்பாட்டில் தேனுக்குப் பெரிய இடம் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் குளவிக் கூட்டைத் தோண்டிப் புழுவைத் தின்னும். பண்ணையில் வைத்த தேன்பெட்டியைப் பார்த்தால் விடாது, அதற்காக அங்கே மின்வேலி போடுகிறார்கள். அப்போதும் தேனை மட்டும் நக்காது, புழுவோடு அடையையே தின்றுவிடும்.

கொடுங்கையூர் குப்பைமேட்டில் மாடும் நாயும் மேய்வதைத் தினமும் பார்க்கிறேன். அமெரிக்காவில் கரடியும் இப்படிக் குப்பைமேட்டில் மேயுமாமே?
— ஆட்டோ ஓட்டுநர், கொடுங்கையூர்

மேய்ந்தது, அதுவும் அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எல்லோஸ்டோனில் விடுதிச் சமையற்கட்டு மிச்சங்களைக் கொட்டிய இடங்களுக்கு மாலையானால் கரடிகள் வரும். பயணிகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் படிவரிசை இருக்கைகூடக் கட்டியிருந்தார்கள். 1940-களில் அந்தக் காட்சி நின்றாலும் கொட்டுவது நிற்கவில்லை.

உங்கள் மாட்டுக்கு நடப்பதுதான் அதற்கும் நடந்தது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் வயிற்றுக்குள் போயின. அதைவிட மோசமாக, மனித வாசனை என்றால் சாப்பாடு என்று மனதில் பதிந்துவிட்டது. 1967 ஆகஸ்ட் 12-13 இரவில், மான்டானாவின் கிளேசியர் பூங்காவில் ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இரண்டு இடத்துக் கரடிகளுமே மனிதர்கள் போட்ட எச்சத்தில் பழகியவை.

அதன்பின் குப்பைக்குழிகளை மூடியே தீருவது என்று முடிவானது. எப்படி மூடுவது என்பதில்தான் சண்டை. 1959 முதல் அங்கே கிரிஸ்லிகளை ஆராய்ந்து வந்த ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள், படிப்படியாகக் குறையுங்கள், சட்டென்று மூடினால் கரடிகள் முகாம்களுக்குள் நுழையும் என்றார்கள். பூங்கா நிர்வாகம் சட்டென்று மூடியது. 1970 வாக்கில் குழிகள் இல்லை. குழியை நம்பி வளர்ந்த கரடிகள் முகாமுக்கும் ஊருக்கும் வந்தன, சுடப்பட்டன. 1975-இல் கிரிஸ்லியை அச்சுறுத்தலுக்குள்ளான விலங்காக அறிவிக்க வேண்டியதாயிற்று. மூடியது தவறில்லை, மூடிய விதத்தில் சகோதரர்கள் சொன்னதில்தான் நியாயம் இருந்தது என்பது எங்கள் எண்ணம்.

இப்போது அங்கே குப்பைத்தொட்டி கனமான இரும்பு. திறக்கும் தாழ்ப்பாள் ஒரு குறுகிய மூடிக்குள் ஒளிந்திருக்கும். நம் விரல் நுழையும், கரடியின் கால் நுழையாது. ஆனால் தொட்டி நிரம்பிவிட்டது என்று பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற ஒரே ஓர் ஆள் போதும், அத்தனை இரும்பும் வீண். இந்தப் பழக்கம் நமக்கு அறிமுகமானதுதான்.

எனக்குச் சர்க்கரை. டாக்டர் ஒரு லட்டுக்குக்கூடத் தடை போடுகிறார். கரடி இவ்வளவு கொழுப்பு ஏற்றிக்கொண்டு ஆறு மாதம் தூங்குகிறதே, அதற்குச் சர்க்கரை வராதா?
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம்

நல்ல கேள்வி ஐயா. ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கோடைக் கடைசியில் கிரிஸ்லிக்கு அடங்காப் பசி வரும். நாளில் 20 மணி நேரம்வரை தின்னும், ஒரு நாளில் ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறும். உடம்பு பெருத்த அந்த நேரத்தில் இன்சுலின் நன்றாகவே வேலை செய்கிறது. குகைக்குள் போனபின் உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கிறது. நமக்கு நோய் என்று சொல்லும் அதே நிலைதான், ஆனால் அதன் உடம்பு அப்போது கொழுப்பை எரித்துக்கொண்டிருப்பதால் கெடுதல் இல்லை. வசந்தத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் கிரிஸ்லிகளை வளர்த்தே இதை ஆராய்கிறது.

ஐந்து முதல் ஏழு மாதம் சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம் எதுவும் இல்லை. யூரியாவை உடம்பே திருப்பி எடுத்துப் புரதமாக்கிக்கொள்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும், போவது பெரும்பாலும் கொழுப்பு. தாய்க்கு இன்னும் நெருக்கடி. மே, ஜூனில் இணைசேர்ந்தாலும் கரு நவம்பர் வாக்கில்தான் கருப்பையில் பதியும். அதற்குள் போதிய கொழுப்புச் சேராவிட்டால் அந்த ஆண்டு குட்டி இல்லை. குட்டி ஜனவரி, பிப்ரவரியில் அரைக்கிலோ எடையில் பிறந்து, அம்மா ஒரு கவளமும் சாப்பிடாத நிலையிலேயே பால் குடித்து வளரும்.

லட்டு விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

நம் காட்டுக் கரடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
— கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

நம்முடையது தேன்கரடி, வேறே இனம். மேல்வரிசையில் நடு முன்பல் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகப் புற்றுக்குள் ஊதி மண்ணைத் தள்ளிவிட்டு, உதட்டைக் குழாயாக்கிக் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். நாவல், இலந்தை, அத்தி, கொன்றைக்காய் எல்லாம் தின்னும். ஆண்டு முழுக்க ஏதாவது கிடைத்துவிடுவதால் குளிர்கால உறக்கம் தேவையில்லை. கொழுப்பின் மேலுள்ள ஆசை மட்டும் பொது: நீலகிரியில் கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கதவை உடைக்கிற கரடிகளைப் பற்றிச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கிரிஸ்லியின் நேரடிச் சொந்தம் வேண்டுமானால் லடாக்கிலும் காஷ்மீரிலும் இருக்கும் இமயமலைப் பழுப்புக் கரடி. இரண்டும் ஒரே இனத்தின் கிளைகள்.

கிரிஸ்லி மனிதனைத் தின்னுமா?
— கொருக்குப்பேட்டை வாசகர்

மிக அரிதாக. தாக்குவது பெரும்பாலும் குட்டியையோ தன் இரையையோ காப்பதற்காக, அல்லது திடுக்கிட்டு.

என் மகன் கால்கரியில் வேலை பார்க்கிறான். லீவில் நண்பர்களோடு பான்ஃப் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறானாம். "அம்மா, காசிமேட்டு நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்பு, அங்கே வறுத்துச் சாப்பிடுவோம்" என்கிறான். அனுப்பலாமா?
— எண்ணூர் வாசகி

கனடாவுக்கு உணவு அனுப்பும் விதிகளைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் அம்மா. ஆனால் கருவாடு வீட்டோடு இருக்கட்டும், காட்டுக்கு வேண்டாம். நெத்திலி வறுத்தால் அடுத்த தெருவுக்கே தெரியும், கரடியின் மூக்கு நம்முடையதைப்போல அல்ல. மகனிடம் இவற்றைச் சொல்லுங்கள்.

சமைக்கும் இடம், சாப்பாட்டை வைக்கும் இடம், தூங்கும் இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். முகாமில் இரும்புப் பெட்டகமோ கம்பிக்கயிறோ இருந்தால் அதில்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பா. அதுவும் இல்லையென்றால் பையைத் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிக் கட்டித் தொங்கவிட வேண்டும். பலரும் உயரத்தைக் கவனித்து, மரத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இளங்கரடியும் கருங்கரடியும் மரமேறும்.

சாப்பாடு என்பது சோறு குழம்பு மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, தலைக்கு எண்ணெய், மாத்திரை, மெல்லும் மிட்டாய், குப்பைப் பை எல்லாம் அந்தப் பெட்டகத்துக்குள்தான். சமைக்கும்போது போட்டிருந்த சட்டையோடு தூங்கக் கூடாது, அதைக் கழற்றி அங்கேயே வைக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப் பையில் போட வேண்டும்.

கரடி ஸ்பிரே அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், விமானத்தில் கொண்டுபோக முடியாது. உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்துதான். முதுகுப்பைக்குள் வைத்தால் உபயோகமில்லை, இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ கைக்கெட்ட இருக்க வேண்டும். கரடி பாய்ந்து வந்தால் பாதுகாப்புக் கொண்டியை எடுத்துவிட்டு, சுமார் 9 மீட்டர் தூரத்துக்கு வரும்வரை பொறுத்து, சற்றுக் கீழ்நோக்கி, அது ஓடிவரும் பாதையில் மேகம்போல அடிக்க வேண்டும். முன்னாலேயே அடித்தால் எட்டாது, எதிர்க்காற்றில் அடித்தால் தன் கண்ணுக்கே வரும். டப்பா முழுவதும் ஏழெட்டு நொடிதான் வரும். கொசுமருந்துபோலக் கூடாரத்தின் மேல் அடித்து வைக்கிறவர்கள் உண்டு. அதுதான் பெரிய தவறு: காய்ந்த காரவாசனை கரடியை விரட்டாது, என்னவென்று முகர்ந்து பார்க்க அழைத்துவரும்.

நடக்கும்போது பேசிக்கொண்டே, கைதட்டிக்கொண்டே போகட்டும். ஓரிடத்தில் அண்டங்காக்கைகள் கூடிக் கத்தினால், அல்லது புதிதாக மண்ணும் புல்லும் கிளையும் கிளறிக் குவித்த மேடு தெரிந்தால், நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். கிரிஸ்லி தன் இரையை அப்படித்தான் மூடி வைத்து, அருகிலேயே படுத்துக் காவல் காக்கும். வந்த வழியே மெதுவாகத் திரும்ப வேண்டும், ஓடக் கூடாது. திடுக்கிட்ட கரடி மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைக் கழுத்தின் பின்னால் கோத்து, கால்களை அகட்டி, முதுகுப்பையைக் கழற்றாமல் அசையாமல் கிடக்க வேண்டும். அது விலகிப் போகும்வரை எழுந்திருக்கக் கூடாது. இரவில் கூடாரத்துக்குள் வந்தால் மட்டும் கிடக்கக் கூடாது, கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்துப் போராட வேண்டும்.

காட்டில் சாப்பிடப் பொட்டுக்கடலை, அவல், வேர்க்கடலை, பொடி தூவிய சோறு போதும். அவையும் பெட்டகத்துக்குள்தான். நெத்திலியைக் கிளம்புவதற்கு முதல் நாள் கால்கரி வீட்டிலேயே ஜன்னலைத் திறந்துவைத்து வறுத்துச் சாப்பிடட்டும். வறுத்தபோது போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் பையில் எடுத்துவைக்க வேண்டாம் என்பதையும் ஃபோனில் சொல்லிவிடுங்கள்.